கடைசி நோயில் பார்த்துக்கொண்டவர்

பழைய உயில் படிக்க உட்காருமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். நானூறு வருடத்துக் கையெழுத்து, பசியோடு பார்த்தால் இன்னும் கோணலாகத் தெரியும். இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் ஊர்க் குடும்பங்களின் கதையை அப்படித்தான், செத்தவர்களின் உயில்களிலிருந்து கோத்து எழுதி வந்தேன்.

அதில் எனக்குப் பிடித்தது பாரெட் குடும்பத்துப் பித்தளைப் பானை. 1587இல் ஒரு விதவை அதை மகளுக்கு எழுதிவைத்தாள். அந்த மகள் தன் மருமகளுக்கு. அப்படியே பெண்கள் கைமாறி, ஏவிஸ் பாரெட் அம்மாளின் சமையலறைக்கு வந்து சேர்ந்திருந்தது. அவருக்கு எண்பத்து மூன்று வயது, பிள்ளைகள் இல்லை. பானை அடுத்து யாருக்கு என்று தெரிந்தால் என் புத்தகம் முடிந்துவிடும்.

செவ்வாய்தோறும் அவருக்கு உயில்களை வாசித்துக் காட்டுவேன். 'கடைசி நோயில் என்னைப் பார்த்துக்கொள்பவருக்கு என் நல்ல போர்வை' என்று அந்தக் காலத்தில் சிலர் எழுதுவார்கள். அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பானையைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பார்.

"உயிரோட இருக்கறவ உயிலை எவனும் படிக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா க்ளெமன்ட்? நான் போனப்புறம் காசு கட்டி வாங்கிப் படிச்சுக்கப்பா. அதுவரைக்கும் டீயைக் குடி."

சட்டமும் அதுதான். எனக்கும் எழுபத்தாறு ஆகிவிட்டது. அவரோ கல் மாதிரி இருந்தார்.

பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நான் அங்கேயே தங்கினேன். தலையணை மாற்றினேன், பார்லிக் கஞ்சி ஊட்டினேன். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் கணப்பு நெருப்பில் போட்டேன்.

"நீ இல்லேன்னா என் கதி என்னப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தக் கையின் சூடு இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரமே போய்விட்டார். வயதாகிவிட்டதே என்றார் டாக்டர்.

வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உயிலில் பானைக்கு நேரே ஏவிஸ் யார் பெயரையும் எழுதவில்லை. என்னிடம் திரும்ப வாசிக்கச் சொன்ன அந்தப் பழைய வரியைத்தான் எழுதியிருந்தார்.

"கடைசி நோயில அவங்களைப் பார்த்துக்கிட்டது யாருங்க? ஊரெல்லாம் உங்க பேரைத்தான் சொல்லுது."

நான்தான் என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

பானை என் மேசைமேல் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆனால் ஒன்று, இன்ஸ்பெக்டர் ஐயா. நான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வக்கீலிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான்.