நடு மத்தியானத்து அந்தி

— ஆறு மணிக்கு மேல ஆத்துல நின்னேனாம்! நான்! பத்தொன்பது வருஷமா படகு ஓட்டுற இந்த டல்வீனா! சொல்லு பாப்போம் அகினால்டோ, அந்த ஜாகுவாரை எத்தனை மணிக்குப் படம் எடுத்தோம்?

— மத்தியானம்க்கா. பன்னெண்டே முக்கால் இருக்கும். முதல்ல உக்காருங்க. தெரெரே போட்டு வச்சிருக்கேன், ஒரு வாய் உறிஞ்சுங்க, ஜில்லுனு இருக்கு.

— உன் தெரெரே யாருக்கு வேணும்! பன்னெண்டே முக்காலுக்கு எடுத்த படம் நீ அடிச்ச காலண்டர்ல எப்படி அந்தியாச்சு?

— எடிட்டிங்க்கா. படம் எடுக்கிறவன் எல்லாரும் பண்றதுதான். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் கூட்டி, மேலாக்க கொஞ்சம் பொன்னிறம்...

— கொஞ்சமா? நம்ம ஜாகுவார் ரூசாவைப் பாரு, மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி நிக்கிறா. ஆத்துல தேனைக் கொட்டி வச்சிருக்கே. அது சேத்துத் தண்ணி தம்பி, சேத்துத் தண்ணி!

— உச்சி வெயில்ல எடுத்த படம் சப்புனு இருக்கும்க்கா. அதை யாரு சுவத்துல மாட்டுவா?

— மாட்டினானே கறிக்கடைக்காரன்! அங்க கறி வாங்கப் போன கூமர்சிண்டோ, அதான் எனக்குப் போட்டியா படகு ஓட்டுறவன், பாத்திருக்கான். அப்படியே ஆணியோட பிடுங்கிட்டு வந்து, "டல்வீனா பொழுது சாஞ்சப்புறம் ஆள் ஏத்திக்கிட்டு ஆத்துல நிக்கிறா, இந்தா சாட்சி"ன்னு படகோட்டிச் சங்கத்து மேசையில போட்டுட்டான். என் படகுதான்னு யாரும் யோசிக்கக்கூட வேணாம், அடியில நீயே அச்சடிச்சு வச்சிருக்க. "படகோட்டி டல்வீனாவுக்கு நன்றி." உன் நன்றியில இடி விழ!

— மரியாதைக்குத்தான்க்கா போட்டேன்.

— உன் மரியாதையால எனக்கு நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு விசாரணை. ஆறு மணிக்குள்ள கரையேறலைன்னா ஒரு சீசனுக்கு லைசென்ஸ் கிடையாது. ஜூலை பொறந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. படகைக் கரையில கவுத்துப் போட்டுட்டு நான் என்ன பண்றது, கூமர்சிண்டோ வீட்டுல சட்டி கழுவவா?

— சங்கத்துல நீங்க சொல்லிப் பாத்தீங்களா?

— தொண்டை கிழியச் சொன்னேன். ஐயா, அந்த மிருகத்தோட கண்ணைப் பாருங்கன்னேன். பொழுது சாஞ்சா கருமணி பட்டன் மாதிரி விரியும். இதுல மிளகு கணக்கா சுருங்கி நிக்குது. பின்னால கரையில ரெண்டு முதலை வாயைப் பொளந்துக்கிட்டு வெயில் காயுது. எந்த ஊர்ல முதலை ராத்திரி வெயில் காயும், சொல்லு பாப்போம்?

— சரியாத்தானே சொல்லியிருக்கீங்க.

— தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏத்தி ஏத்திப் பாத்துட்டு, "முதலையை விடும்மா, வானம் செக்கச்செவேல்னு இருக்கே"ங்கிறார். செவப்பு பூசினது இங்க உக்காந்திருக்கிற இந்த மகராசன்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

— அக்கா, கொஞ்சம் கேளுங்க. மத்தியானம்தான் எடுத்தேன்னு நான் ஒரு கடுதாசி எழுதித் தர்றேன். கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு.

— கடுதாசியா! கூமர்சிண்டோ அதுல மீன் மடிச்சுக் குடுப்பான். எனக்கு அந்த அசல் படம் வேணும். கேமரா எப்படிப் பிடிச்சுதோ அப்படியே, நேரத்தோட. அதைத் தலைவர் மூஞ்சிக்கு நேரா காட்டணும்.

— அசல் வேண்டாமே.

— ஏன்? உன் பேரு கெட்டுப்போகுமா? குயாபாவுல ஏசி ரூம்ல உக்காந்து பொழுதைத் திருகினது தெரிஞ்சுடுமா?

— என் பேருக்கு ஒண்ணும் இல்ல. நான் எதையும் சேர்க்கல, எதையும் அழிக்கல. வெளிச்சம், நிறம், அவ்வளவுதான். அதுல நான் கறாரா இருப்பேன்.

— பொய்யிலயும் கறார்! இந்தத் துறையில நான் எப்பேர்ப்பட்டவள்னு யாரை வேணா கேளு. நெல்சிண்டோ மீனை இரையாக் கட்டிப் போட்டு ஜாகுவாரை இழுத்தப்போ, ஆயுசுக்கும் அவன் ஆத்துல இறங்கக் கூடாதுன்னு சங்கத்துல முதல்ல கை தூக்கினது யாரு? நான்! என் சொந்தச் சித்தி மகன் அவன். அப்படிப்பட்டவளைத் திருடி மாதிரி கூண்டுல நிறுத்திட்டியேடா. பத்திக்கிட்டு வருது எனக்கு.

— ஞாபகம் இருக்குக்கா, நெல்சிண்டோ கதை. அதனாலதான் சொல்றேன், கடுதாசியோட நிறுத்திக்கலாம்.

— கம்ப்யூட்டரைத் திற.

— அக்கா...

— நீயா திறக்கிறியா, இல்ல அதைத் தூக்கிட்டுப் போய் ஆத்துல பிரான்யா மீனுக்குப் போடட்டுமா?

— சரி, சரி. திறக்கிறேன். இதான். போன செப்டம்பர். பன்னெண்டு நாப்பத்தி மூணு.

— ஹா! மாதாவே! பாரு, வெள்ளை வெளேர்னு வெயில்! நிழல் வயித்துக்கு அடியில சுருண்டு கிடக்கு! வானத்துல ஒரு பொட்டு செவப்பு உண்டா? நாளைக்கு இதை அந்த கூமர்சிண்டோ வாயிலயே திணிக்கிறேன். ஏன், அந்த மூலையில ஏன் கையை வச்சிருக்க?

— சும்மாதான்.

— கையை எடு.

— வேண்டாம்க்கா. மாதா மேல சத்தியமா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— எடுன்னா எடு!

— சரி, நல்லாவே பாருங்க. நிழலை ஏத்துறேன். இது மரத்து வேரு. வேருக்குப் பக்கத்துல பளபளன்னு தெரியறது பிரான்யா. செவுள்ல கோத்திருக்கிறது பச்சை நைலான் கயிறு. கயிறை வேருல ரெட்டை முடிச்சா கட்டியிருக்கு. துறையில உங்க படகைக் கட்டியிருக்கீங்களே, அதே முடிச்சு.

— நீ தூங்கிக்கிட்டுதானே இருந்தே.

— ஆமா. நீங்க குடுத்த உப்புக்கண்டச் சோத்தைத் தின்னுட்டுப் படகுலயே தூங்கிட்டேன். நீங்க உலுக்கி எழுப்பினப்போ ரூசா எதிர்ல நின்னா. உனக்கு அதிர்ஷ்டம்டா தம்பின்னீங்க. வீட்டுக்குப் போய் பெருசு பண்ணிப் பாத்தப்பதான் கயிறு கண்ணுல பட்டுது.

— அப்பவே அதை அழிச்சுத் தொலைச்சிருக்கலாமே!

— அழிக்கிறதில்லைன்னு சொன்னேனே. இருட்டாக்கத்தான் என் கையால முடியும். அந்த மூலையை மட்டும் இருட்டாக்கினா மை கொட்டின மாதிரி தெரிஞ்சுது. அதான் படம் முழுக்கப் பொழுதை இறக்கினேன்.

— பத்து மாசமா மனசுல வச்சுக்கிட்டா இருந்தே?

— பின்ன யாருகிட்ட சொல்றது?

— அப்ப நாலு நாளா ஒரு ஜாகுவார் வாலு கூடக் கண்ணுல படல. அன்னைக்குக் காலைல படகுல ஏறினதுமே நீ அழ ஆரம்பிச்சே. கேமராவை வித்துட்டு மாமன் டயர் கடைக்கே போறேன்னு கேவிக் கேவி அழுதே. எனக்கு மனசு கேக்கல தம்பி. பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை.

— தெரியும்க்கா. நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் என்ன சொல்லட்டும்?

— ஆறரை மணின்னு சொல்லு. லேட்டாத்தான் கரையேறினோம்னு நானே கையெழுத்துப் போட்டுடறேன், ஒரு சீசன்தானே. அதுக்கு முன்னாடி, தம்பி, அந்த மூலையை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கு.