வேர்ப்புழுவுக்கு அடித்த மருந்து

கோடையில் புல்தரைக்குச் சாயங்காலம் தண்ணீர் விடக் கூடாது, இன்ஸ்பெக்டர். ராத்திரி முழுக்க ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். காலையிலேயே விட்டுவிட வேண்டும். புல்லை ஒட்ட வெட்டவும் கூடாது. பட்டாபிராமில் எங்கள் அடுக்குமாடியில் இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவன்.

இந்த மே மாதம் புல் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் வெள்ளையாக வேர்ப்புழு. வேப்பெண்ணெய் அடித்தேன், கேட்கவில்லை. சங்கச் செயலாளர் கிஷோர் வந்து பார்த்தான்.

"விட்ருங்க அங்கிள். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிட்டு, கல்லு பதிச்சுக் கார் நிறுத்திக்கலாம்."

நான்கு நாள்தான் இருந்தது.

நான் வாங்கியது தடை செய்த மருந்து. தெரிந்தவரிடம் பழைய பாட்டில் ஒன்று இருந்தது. கையுறை, முகமூடி இல்லாமல் தொடக் கூடாது என்று பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் போட்டிருந்தது. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றால் கட்டிடமே பால்கனிக்கு வந்துவிடும். சீட்டைக் கிழித்துவிட்டேன்.

தோட்டக்காரன் அழகேசன் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவான். தெளிப்பானைத் தோளில் மாட்டியபடி முகர்ந்து பார்த்தான்.

"இன்னா சார், வாடை ஒரு மாரி கீது?"

"வேப்பெண்ணெதான். வெயில் ஏறுறதுக்குள்ள அடிச்சு முடி."

பதினொரு வருஷப் பழக்கம், நம்பினான். தெளிப்பான் ஒழுகி அவன் முதுகு நனைந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது. கூப்பிடவில்லை.

முடித்ததும் வாந்தி எடுத்து விழுந்தான். நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாரும் வரவில்லை.

"என்ன மருந்து அடிச்சார்? பேர் தெரிஞ்சா உடனே மாத்து மருந்து போடலாம்" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார்.

இரண்டு தடவையும் "வேப்பெண்ணெய்" என்றேன். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்றும் சொன்னேன்.

நாலரை மணிக்குப் போய்விட்டான். அவன் மனைவி ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் சார் கூட இருந்தீங்கோ" என்று அழுதாள்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். எதற்கு? பேரைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான், தெரியும். விஷம் என்று மறுநாளே புல்லை மண்ணோடு வாரிக் கொட்டியிருப்பார்கள், அதுவும் தெரியும். பதினொரு வருஷம் அதை வளர்த்தவன் அவன். கேட்டிருந்தால் அழகேசனே, "சொல்லாதீங்க சார்" என்றுதான் சொல்லியிருப்பான்.