பட்டன் இல்லாத பக்கம்

— இல்ல மாப்ள, நீ சொன்ன மாதிரியே அணைச்சுப் போட்டாச்சு. மறுபடி அதே கூத்துதான். பட்டனைக் காணோம்.

— பதறாதீங்க மாமா. கம்ப்யூட்டரை அணைச்சீங்களா, இல்ல ஸ்க்ரீனை மட்டும் அணைச்சீங்களா?

— பஸ் ஓட்டறவன்கிட்ட வந்து, இன்ஜினை அணைச்சியா ஹெட்லைட்டை அணைச்சியான்னு கேக்கற பாரு! பெட்டியையே அணைச்சேன்யா. சுவத்துல இருந்த ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.

— சரி, சரி. இப்ப ஸ்க்ரீன்ல என்னென்ன தெரியுது, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.

— மேல டிப்போ பேரு. அதுவும் பாதிதான். அதுக்குக் கீழ ‘ரூட் தேர்வு’ன்னு இருக்கு. அப்புறம் ரூட் நம்பருங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. என் ரூட்டைத் தொட்டா மஞ்சளா மாறுது. ஆனா ‘உறுதி செய்’ங்கற பட்டன் மட்டும் எங்கயும் இல்ல.

— கீழ தள்ளிப் பாத்தீங்களா?

— அடிமட்டம் வரைக்கும் போயிட்டேன். அங்க ஆபீஸ் போன் நம்பர்தான் இருக்கு. அடிச்சேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க நாதியில்ல.

— எனக்கு இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஜம்முனு வருதே மாமா. உள்ள போகாமலே பாக்கறதுக்கு மாதிரிக்கு ஒரு பக்கம் வெச்சிருக்காங்க, அதைத் திறந்து வெச்சிருக்கேன். பட்டன் வலது ஓரத்துல பச்சைக் கலர்ல பளிச்சுன்னு நிக்குது.

— உனக்கு வரும். டிப்போல எல்லாருக்கும் வந்திருக்கு. என்கூட ஓட்டறவன் மதியமே முடிச்சுட்டு காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இந்த உலகத்துலயே என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் வரமாட்டேங்குது.

— அப்ப பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நானே இங்கேர்ந்து போட்டுடறேன்.

— அது முடிஞ்சா உன் உயிரை ஏன் எடுக்கறேன்? போன தடவை ஒருத்தன் இன்னொருத்தன் பேர்ல உள்ள புகுந்து ரூட்டை மாத்திட்டான். டிப்போல கைகலப்பே ஆயிப் போச்சு. அதுலேர்ந்து ஒரு டிரைவருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். பதிஞ்சு வெச்ச பெட்டியைத் தவிர வேற எதுலயும் திறக்காது. போன்லயும் திறக்காது.

— நான் கிளம்பி வரட்டுமா?

— நீ அந்த ட்ராஃபிக்ல நகர்ந்து வந்து சேர்றதுக்குள்ள ஆறு மணி தாண்டிடும். ஆறுக்கு மூடிடுவான் மாப்ள. அதுக்குள்ள உறுதி பண்ணாதவன் பேரைத் தூக்கிப் பொதுப் பட்டியல்ல போட்டுடுவான். எனக்கு அந்த ஸ்கூல் ரூட்டு வேணும். அது போச்சுன்னா நான் செத்தேன்.

— என்ன பேச்சு மாமா இது? கேளுங்க, சில சமயம் கம்ப்யூட்டர் பழைய பக்கத்தை உள்ள எடுத்து வெச்சுக்கிட்டு அதையே திருப்பித் திருப்பிக் காட்டும். கண்ட்ரோலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மேல் வரிசைல இருக்கற எஃப் அஞ்சை அழுத்துங்க.

— எஃப் அஞ்சு... எஃப் அஞ்சு... ஏய், இங்க வாயேன்! உன் தம்பி ஸ்பீக்கர்ல ஏதோ எஃப் அஞ்சுங்கறான். என் கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல. வந்து அழுத்திட்டுப் போ.

— இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? தள்ளுங்க அந்தப் பக்கம். தம்பி, அழுத்திட்டேன்டா.

— என்னக்கா ஆச்சு?

— ஒரு நிமிஷம் வெள்ளையாப் போச்சு. திரும்பி வந்துடுச்சு. எல்லாம் முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு.

— அப்ப இன்னொண்ணு பாரு. மேல வலது மூலைல மூணு புள்ளி இருக்கும். அதைத் தொட்டா வரிசையா எழுத்து விழும். நடுவுல ‘பெரிதாக்கு’ன்னு ஒரு வரி, பக்கத்துலயே ஒரு சதவீதம் போட்டிருக்கும். எவ்வளவு?

— சதவீதமா?

— ஆமாக்கா, அந்த நம்பர். சீக்கிரம்.

— நூறு.

— நூறா? நல்லாப் பாத்தியா?

— பாத்துட்டுதான்டா சொல்றேன். எனக்கு என்ன எண்ணு தெரியாதா?

— சே. அதுவாத்தான் இருக்கும்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். நூறுன்னா அது சரியாத்தான் இருக்கு.

— தம்பி, நீ வேலையா இருக்கே. உங்க மேனேஜர் ஏதாவது சொல்லப் போறாரு, போனை வை. ஏங்க, கிடைக்கலேன்னா விடுங்களேன். ரூட்டா நமக்குச் சோறு போடுது?

— ரூட்டுதான்டி சோறு போடுது! இத்தனை வருஷமா வேற எது போட்டுதாம்? நீ போ முதல்ல. நீ நின்னா எனக்குக் கையே ஓடமாட்டேங்குது.

— போறேன். மாடில துணி கிடக்கு, எடுத்துட்டு வரேன். நீங்களும் உங்க மச்சானும் மல்லுக்கட்டுங்க.

— அவ போயிட்டா. சொல்லு மாப்ள. அடுத்து என்ன?

— அடுத்து... பிரவுசர்ல சேர்ந்து கிடக்கறதை எல்லாம் மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாத் திறக்கலாம். ஆனா மாமா, அதுல உங்க பதிவும் சேர்ந்து அழிஞ்சுபோக வாய்ப்பிருக்கு.

— அய்யய்யோ! அப்புறம் பக்கமே திறக்காதே!

— அதான் நானும் யோசிக்கறேன். இருங்க, இருங்க. ஏற்கெனவே இதுல பட்டன் வந்திருக்கா, இல்ல எப்பவுமே வந்ததில்லையா?

— வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குத் திறந்து விட்டாங்க. அன்னிக்கு இருந்துச்சு. என் கையாலயே அழுத்திப் பாத்தேன்.

— அப்ப இடையில ஏதோ மாறியிருக்கு. மாமா, ஸ்க்ரீன்ல ஒரே நேரத்துல எத்தனை ரூட் தெரியுது? எண்ணிச் சொல்லுங்க.

— மூணு. நாலாவது பாதி.

— மூணா? எனக்கு இங்க இருபது தெரியுதே! எழுத்து எந்த அளவுல இருக்கு?

— எழுத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அளவா இருக்கு.

— அளவான்னா? விரலை வெச்சுப் பாருங்க.

— ஒரு எண்ணு கட்டைவிரல் அளவு வரும்.

— கட்டைவிரலா! மாமா, அது எழுத்தில்ல, கடை போர்டு! அக்கா எதையோ பாத்துட்டு நூறுன்னு சொல்லிட்டா. முன்னூறுல வெச்சிருக்கு போல. எழுத்து ஊதி ஊதி பட்டனை ஸ்க்ரீனுக்கு வெளிய தள்ளிடுச்சு. பக்கத்தைக் கட்டின புண்ணியவான் பக்கவாட்டுல நகர்த்த வழியும் வெக்கல. இதுக்கா இவ்வளவு நேரம் உயிரை விட்டோம்! கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு ஜீரோவை அழுத்துங்க. ஒன்பதுக்கு அடுத்தது.

— ஜீரோவா...

— ஆமா. அழுத்துங்க, அவ்வளவுதான், முடிஞ்சுது.

— அழுத்திட்டேன்.

— எல்லாம் சின்னதாகி ஒழுங்கா வந்து உக்காந்துச்சா?

— ம்.

— பச்சைப் பட்டன் வந்துச்சா?

— வந்திருக்கும்.

— வந்திருக்குமா? கண்ணு முன்னாடிதானே இருக்கு, வந்திருக்கும்னா என்ன அர்த்தம்? வலது ஓரத்துல பாருங்க.

— ஓரத்துலேர்ந்து எத்தனை விரல் தள்ளி இருக்குன்னு சொல்லு. நான் மவுஸ் அம்பை அங்க கொண்டுபோறேன்.

— விரலா? மாமா, விளையாடாதீங்க. நேரம் இல்ல. போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வாங்க.

— கண்ணாடி மூக்குமேலதான் இருக்கு மாப்ள.

— அப்ப உங்களுக்கு அந்தப் பக்கம்...

— வெள்ளையா இருக்கு. அதுல எறும்பு ஊர்ற மாதிரி ஏதோ இருக்கு. பச்சையும் தெரியல, பட்டனும் தெரியல. நீ சரி பண்ணினதுக்கு அப்புறம்தான் ஒண்ணுமே தெரியல.

— எத்தனை நாளா மாமா?

— மழைக்காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. நடுவுல ஒரு மறைப்பு. ஓரத்துல ஓரளவு தெரியும்.

— அக்காவுக்கு?

— தெரியும். எழுத்தைப் பெருசாக்கி வெச்சதே அவதான். அதனாலதான் உன்கிட்ட எழுத்தைப் பத்தி வாயைத் திறக்கல. நீ கேட்டா என்ன சொல்றது?

— டாக்டரைப் பாத்தீங்களா?

— டாக்டரைப் பாத்தா அன்னியோட வண்டிச் சாவியை வாங்கிக்குவான். மருந்துக்கடைல சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கறேன். சிரிக்காதே, அது கேக்குதுய்யா. இன்னிக்குக் காலைல இந்தப் பக்கத்தைத் திறக்கறேன், எழுத்தெல்லாம் வெள்ளிக்கிழமையை விடத் தெளிவாத் தெரியுது! எண்ணெல்லாம் பளபளன்னு நிக்குது. கண்ணு தேறிக்கிட்டு வருது, அப்படின்னு நினைச்சுத் தனியா உக்காந்து அழுதுட்டேன் மாப்ள. சந்தோஷத்துல.

— மாமா... அந்த வண்டியிலதான் என் பொண்ணு வர்றா.

— தெரியாதா எனக்கு? பாப்பா படி ஏறும்போதே குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவேன்.

— குரலை வெச்சா?

— அதுக்காகத்தான்யா அந்த ரூட்டு வேணுங்கறேன். அந்த ரோடு எனக்கு மனப்பாடம். எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும். முன்னாடி வண்டி நின்னா நானும் நிப்பேன், கிளம்பினா நானும் கிளம்புவேன். இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்திருக்கா, கேளு, டிப்போல யாரை வேணா கேளு.

— முன்னாடி வண்டி இல்லேன்னா? ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க மாமா?

— அப்படிக் கேக்காதே. ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன், நீயும் அதையே கேக்காதே. பொதுப் பட்டியலுக்குப் போனவனை முதல்ல கண்ணு டெஸ்டுக்குத்தான் அனுப்புவான். ரூட் கையில இருக்கறவனை எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான். இந்த ஒரு தடவை மாப்ள. இந்தத் தடவை போயிட்டா மருந்து வேலை செஞ்சுடும். காலைல தெரிஞ்சுதே!

— மாமா...

— மறுபடி கொஞ்சமாப் பெருசாக்கறதுக்கு எதை அழுத்தணும், அதை மட்டும் சொல்லு. முன்னூறு வேணாம், பட்டன் உள்ள இருக்கற அளவுக்கு. மீதியை நான் பாத்துக்கறேன்.

— கண்ட்ரோல் கூட ஒரு கீதான்.

— எந்தக் கீ?

— சொல்ல மாட்டேன் மாமா.

— உன் அக்கா சோத்துல நீயே கை வெக்கறேன்னு புரியுதா உனக்கு? வண்டியை விட்டு இறங்கினா நான் யாருன்னு எனக்கே தெரியாதுடா. பயமா இருக்குடா மாப்ள. கெஞ்சிக் கேக்கறேன்.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. என் வாயால சொல்ல மாட்டேன். சொல்லிட்டு நாளைக்குக் காலைல பாப்பாவை எப்படிப் படி ஏத்தி விடுவேன்? அக்காவைக் கூப்பிடுங்க.

— அவ எதுக்கு?

— கூப்பிடுங்க மாமா. உங்க கூட வாழறவ அவதான். தெரிஞ்சே நீங்க ஓட்டணும்னு அவ நினைச்சா, அவளே வந்து அந்தப் பட்டனை அழுத்தட்டும்.

— கூப்பிட வேணாம். மாடிப்படியிலதான் நிக்கறேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் நிக்கறேன்.

— வந்தியா? வா, வா. இந்தா மவுஸ். உன் தம்பி கல்லு மாதிரி உக்காந்திருக்கான். பக்கம் இப்ப சரியாயிடுச்சாம். வலது ஓரத்துல பச்சையா இருக்காம், ஒரு தட்டு தட்டிடு. என்னை என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? ஆறாகப் போகுதுடி! காலைல எனக்கு அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியாது, கண்ணு நிஜமாவே தேறிக்கிட்டு வருது...

— தேறலைங்க. இன்னிக்கு நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி வந்து, அந்தப் பட்டன் வெளிய போய் விழற வரைக்கும் எழுத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கி வெச்சது நான்தான்.