எருமேடு இருந்தவரை

கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கையில், காகிதத்தில் சுற்றிய பழைய பிரேக் ஷூ.

“வீட்டுக்கு முன்னால குவிச்சிருந்த எருமேட்டை வயலுக்கு அள்ளிட்டாங்க. இனி புது பிரேக் ஷூ வாங்கியே ஆகணும்” என்றார்.

“இத்தன நாளா அதுல மோதித்தான் வேனை நிறுத்துனீங்களா?”

“மெதுவாத்தான் மோதுவேன்.”

“அந்த வேன்லதான் வெள்ளிக்கெழமை எங்கம்மாவையும் என்னையும் மலைக்கோயிலுக்கு ஏத்திட்டுப் போறேன்னீங்க!”

“அதான் நல்லதா வாங்கலாம்னு போறேன். ஆனா எல்லாக் கடைக்காரனும் தன்னோடதுதான் நல்ல சரக்குங்கறான்.”

“இதை மாட்டுன வண்டில உங்க சம்சாரத்தை மலை எறக்கத்துல அனுப்புவீங்களான்னு கேளுங்க.”

“அனுப்பறேன்னா வாங்கிடலாமா?”

“கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னா வாங்குங்க. ஒடனே சொன்னா வேண்டாம்.”

பஸ் ஓர் இறக்கத்தில் வேகமெடுத்தது. எங்கள் ஓட்டுநரிடமும் அதையே கேட்கலாமா என்று தோன்றியது. அவர் உடனே பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.