சாவியைத் தொட்டாலே

— போலீஸ்ல சொல்லிட்டேன் அக்கா. பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க ரெண்டு ரவுண்டு சுத்திட்டேன். அப்பாவும் இல்ல, காடியும் இல்ல.

— நல்லா கேட்டுக்க, ஐங்கரா. அப்பாவுக்கு என் பேரே மறந்து போச்சு. சிகப்பு லைட்டு, பச்சை லைட்டு வித்தியாசம் தெரியாது. அவர் கையில ஓடுற காடியக் கொடுத்திருக்க நீ.

— அது செத்துக் கிடந்த பழைய காடிதான்லா. கிள்ளான்ல கார்த்திகேசு அண்ணே வொர்க்‌ஷாப்ல விட்டு, புது மாதிரி ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டேன். பழசு அம்மிக்கல்லு கனம், எத்தனை தடவ திருப்புனாலும் சுத்தவே சுத்தாது. இது அதுல பாதி வெயிட்டுகூட இல்ல. சாவியத் தொட்டாலே பிடிச்சுக்கும். நல்லதுதானே செஞ்சேன்?

— நல்லதா? பழச ஏன் யாரும் ரிப்பேர் பண்ணலன்னு யோசிச்சியா? நான்தான் மெக்கானிக்கைத் தொட விடல! அப்பா தினம் போய் உக்காருவாரு, சாவியத் திருப்புவாரு, டக்குன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இறங்கி உள்ள வந்துடுவாரு. பத்திரமா இருந்தாரு.

— இதை என்கிட்ட சொன்னியா?

— தீபாவளிக்கு மட்டும் சுபாங் ஜெயாலேர்ந்து வர்ற விருந்தாளிக்கு என்னத்தச் சொல்றது?

— வர விட்டாத்தானே? இந்த வீட்டுல யார் என்ன சாப்பிடணும், எங்க போகணும், எல்லாம் நீதான். அம்மாவோட குட்டிக் காடியக்கூட வித்துட்ட.

— இந்த வயசுல அம்மா எதுக்கு ஓட்டணும்? நான் கூட்டிட்டுப் போறேன்ல?

— எங்க? கிளினிக்குக்கும் கோயிலுக்கும்.

— வாய மூடு. யாரைக் கேட்டு அந்த மோட்டார மாத்துன?

— அம்மா கேட்டாங்க. போதுமா?

— பொய். அம்மா எதுக்குக் கேக்கணும்?

— காடி கிளம்பாம இறங்கி வர்றாருன்னியே, அப்புறம் என்ன பண்ணுவாருன்னு தெரியுமா? பாத்ரூம்ல போய் அழுவாராம். தினமும். நீ பத்திரம்னு சொல்ற, அம்மா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

— அழுதா அழட்டும்! உயிரோட இருப்பாருல்ல? அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ இந்த வாசல்ல காலே வைக்கக்கூடாது. கோயிலுக்கு நடந்தே போறேன்னு கிளம்புன அம்மா வந்ததும் உன் வாயாலயே சொல்லு, நீ என்ன காரியம் பண்ணேன்னு.

— சொல்றேன். உனக்குப் பயந்து வாழ நான் அம்மா இல்ல.

— இரு, போன் அடிக்குது. அம்மாதான். ஹலோ, அம்மா? பதறாம கேளுங்க. அப்பாவைக் காணோம். காடிய எடுத்துக்கிட்டு…

— ஏன் பிள்ளை சுதர்சினி கத்துறாய்? அவர் எனக்குப் பக்கத்தில இருந்து பிஸ்கட் சாப்பிடுறார். நாங்கள் பந்திங் டவுனையும் தாண்டிட்டம்.

— பந்திங்கா? ஐயோ, அவரையா ஓட்ட விட்டீங்க? உடனே நிறுத்தச் சொல்லுங்கம்மா!

— ஓரமா நிப்பாட்டிப்போட்டுத்தான் கதைக்கிறன். ஓட்டினது நான். வழி முழுக்கச் சொன்னது அவர், ஒரு சந்தியிலகூட வழி பிழைக்கேல்ல. எப்ப திரும்பி வாறம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுறம்.