ஒரு தாள் கூடுதலாக வைத்த ஓவிய ஆசிரியர் ஞானமுத்து அவர்களுக்கு

பசுமலை அடிவாரத்துத் தொடக்கப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வண்ணமும் வையத்துக் கதைகளும் வாரி வழங்கி, 1986 மே முப்பத்தொன்றாம் நாள் பணிநிறைவு பெறும் ஓவிய ஆசிரியர் திரு. அ. ஞானமுத்து அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் உள்ளம் உவந்து, உள்ளூரச் சற்றே நடுங்கி, அளிக்கும் மடல்.

வண்ணங்களின் வள்ளலே!

மற்றப் பள்ளிகளில் மாம்பழமும் கூஜாவும் வரையக் கற்றுத் தந்தபோது, மழலையர் கையில் மண்ணுலகத்துத் தெய்வங்கள் அனைத்தையும் தூக்கிக் கொடுத்த துணிவாளர் தாங்கள்! எங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருமங்கலம் எந்தத் திசை என்று தெரியாது; எகிப்தியரின் சூரியன் பூமிக்கு அடியில் எந்தப் படகில் போகிறான் என்று தெரியும். வடதுருவத்துப் பனி அரக்கனுக்கு அவர்கள் பூசிய நீலத்தில் எங்கள் வேட்டிகள் எத்தனையோ பாழாயின. சபைப் பெரியவர் ஒருவர், "அடுத்தவுக சாமியெல்லாம் நம்ம புள்ளைகளுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டதற்குத் தாங்கள் சொன்ன விடை எங்கள் காதில் இன்னும் நிற்கிறது.

"எல்லா ஊர்லயும் செத்தவுகளத் தேடி யாராச்சும் ஒருத்தர் போயிருக்காக ஐயா. எந்த வழியாப் போனாகன்னு புள்ளைக தெரிஞ்சுக்கிறட்டும்."

இம்மடலை எழுதும் தமிழாசிரியன் இன்னாசிமுத்து ஆகிய நான் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1976 ஆகஸ்டில் என் வகுப்புச் சிறுமி ஒச்சாயி மூன்று நாள் காய்ச்சலில் இறந்தாள். அவள் பெயரைப் பதிவேட்டில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டைப் பார்த்துத் தாள் எண்ணும் வழக்கமுடைய தாங்கள், நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு தாள் கொண்டு போனீர்கள். மிஞ்சிய தாளைப் பிள்ளைகளே மூன்றாம் பலகையின் ஓரத்தில், ஒச்சாயி உட்காரும் இடத்தில், தூரிகை அலசும் கொட்டாங்குச்சித் தண்ணீரோடு வைத்துவிட்டார்கள்.

அன்று தாங்கள் சொன்னது, இறந்தவர்களை ஆற்றைக் கடத்தி விடும் கிரேக்க நாட்டு ஓடக்காரனின் கதை. நாற்பத்தொரு பிள்ளைகள் கரையில் நின்றபடி படகை வரைந்தார்கள். நாற்பத்திரண்டாம் தாளில், படகில் இருந்தபடி கரை வரையப்பட்டிருந்தது. கரையில் நம் பள்ளி, வேப்பமரம், வரிசையாகப் பிள்ளைகள், வாசலில் குடை பிடித்தபடி தாங்கள். அதை வரைந்தது யார் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டோம். எல்லோரும் மூன்றாம் பலகையின் ஓரத்தைக் காட்டினார்கள்.

துயர் துடைத்த தூரிகையே!

அடுத்த மாதம், பாதாளத்துக்குப் போன மகளைத் தேடி ஒரு தாய் பூமியெங்கும் அலைந்த கதையைச் சொன்னீர்கள். மற்றவர்கள் பந்தம் ஏந்தி நடக்கும் தாயை வரைந்தார்கள். மூன்றாம் பலகை ஓரத்துத் தாளில் மட்டும், மண்ணுக்கு அடியிலிருந்து பார்த்தால் தெரிவதுபோல, இரண்டு உள்ளங்கால்கள். இடது குதிகாலில் ஒரு நீளத் தழும்பு. தாங்கள் அதை ஒச்சாயியின் தாய் சீனியம்மாளிடம் காட்டினீர்கள். அந்த அம்மாள் பள்ளி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து, தம் காலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

"கருக்கருவா வெட்டுன தழும்பு சார் இது. ஊர்ல யாருக்குத் தெரியும்? கட்டிலுக்குக் கீழ கெடந்து வெளாடுற எம்புள்ளைக்குத்தான் தெரியும்."

அன்று முதல் பதிவேட்டுக் கணக்குக்கு மேல் ஒரு தாள் வைப்பது தங்கள் வழக்கமாயிற்று. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை களையெடுப்பை விட்டுவிட்டு வந்து அந்தத் தாளில் வந்த படத்தைப் பார்த்துப் போவது சீனியம்மாளின் வாழ்வாயிற்று. வகுப்புகள் மாறின, பிள்ளைகள் மாறினார்கள். ஒச்சாயியை அறியாத பிள்ளைகளும் அந்த ஓரத்தில் உட்காராமல் ஒதுங்கியே உட்கார்ந்தார்கள். அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான்.

நான் ஒருநாள் சன்னலோரம் ஒளிந்து நின்று பார்த்தேன். கொட்டாங்குச்சித் தண்ணீர் மெல்ல நீலமாவதைக் கண்டேன். தூரிகை பிடித்த கையை மட்டும் காணவில்லை. மறுநாள் காய்ச்சலில் படுத்தேன். எழுந்ததும் தாளாளருக்கு மொட்டைக் கடுதாசி எழுதினேன். ஆம் ஐயா, அதை எழுதியதும் இதே பேனாதான்! தாளாளர் தங்களை அழைத்துக் கண்டித்தபோது தாங்கள் சினக்கவில்லை. "அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க ஐயா, அடுத்த வாரமே நிறுத்திர்றேன்" என்றீர்கள். சொல்ல யாரும் போகவில்லை, தாளும் நிற்கவில்லை.

அச்சம் அறியா அண்ணலே!

படகுக் கதையைத் தாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொன்னீர்கள். அப்போதெல்லாம் அந்தத் தாளில் வந்த படங்களை இந்த மார்ச்சில்தான் தலைமையாசிரியை பாக்கியம் அம்மாள் வரிசையாகப் பரப்பிவைத்தார். முதல் ஆண்டில் குடையோடு பள்ளி வாசலில் நின்ற தாங்கள், அடுத்த ஆண்டில் வேப்பமரத்தடியில் நின்றீர்கள். பிறகு மைதானத்தின் எல்லையில். பிறகு மணலில். இந்த ஆண்டுப் படத்தில் குடையை மடக்கிவிட்டீர்கள். தங்கள் வலது கால் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் அவள் தங்களைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்த் தங்களை அழைத்துக் காட்டினோம். தாங்களோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எம்புட்டு முன்னேறியிருக்கா பாத்தீகளா! கை கால் அளவெல்லாம் இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்று பூரித்தீர்கள்.

தங்களோடு பேசிப் பயனில்லை என்று கண்டு, பத்தாண்டுகளாக நாங்கள் தள்ளிப்போட்டதைச் செய்தோம். படங்களை ஒன்றாக வரிசையில் வைத்துச் சீனியம்மாளிடம் காட்டி, இதை நிறுத்த வேண்டும் என்று சொன்னோம். அவர் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மடக்கிய குடையில் விரல் நின்றது.

"சாருக்குப் பேரன் பேத்தி இருக்காகளா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றோம். படங்களை அடுக்கி எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் தங்கள் கடைசி வகுப்பன்று, மணி அடிக்குமுன் அவர் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், பிள்ளைகளின் தலைகளை எண்ணினார், முப்பத்தெட்டு. தாள்களை எண்ணினார், முப்பத்தொன்பது. மேலிருந்த ஒன்றை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்றாம் பலகையின் ஓரத்துக்குப் போய், அங்கே யாரோ இருப்பதுபோலக் குனிந்து சொன்னார்.

"விட்டுருடி ஒச்சாயி. சாரு வீட்டுக்குப் போகட்டும். இனிமே அம்மா ஒன்னையப் பாக்க வரலத்தா."

முப்பத்தெட்டுத் தாள் கொடுத்தீர்கள், முப்பத்தெட்டு வந்தது. வகுப்பின் நடுவில் தாங்கள் எழுந்து குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காதவர்கள்போல இருந்துகொண்டோம். சீனியம்மாள் இதோ, இந்தப் பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். தங்களுக்குப் போட வேண்டிய மாலையை அவர் கையால் போடச் சொல்லியிருக்கிறோம்.

பண்பின் பெட்டகமே!

ஓய்வுக் காலத்தில் ஊர் சுற்றுங்கள். வில்லாபுரத்து வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பனி அரக்கனை வரைந்து கொடுங்கள். வண்டியூர்த் தெப்பத்திருவிழாவுக்குப் போனால் மட்டும், ஐயா, மேல்படியிலேயே நின்று பாருங்கள். குடையை மடக்காதீர்கள். நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று எல்லா மடல்களும் வாழ்த்தி முடிக்கும்; நாங்கள் அதைச் சடங்காகச் சொல்லவில்லை. ஒரு தாய் தம் மகளை இரண்டாம் முறை இழந்து தங்களுக்குத் தந்த ஆயுள் இது. அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காமல் வாழ்ந்து முடியுங்கள்.

என்றும் தங்கள் அன்பிற்குரிய
ஆசிரியர்கள், அலுவலர்கள்
பசுமலை, 30.5.1986