எருமை நாக்கின் ஒரு சீவல்

— ஜன்னல் பக்கமா தூக்கிப் பிடிங்க. கையால வெளிச்சத்தை மறைக்காதீங்க.

— ரோஸ் கலர்ல ஏதோ ஒட்டியிருக்கு. கொசுவை அடிச்ச மாதிரி.

— எருமை நாக்குங்க அது. முடியை விட மெலிசா சீவி, கண்ணாடிச் சில்லுல ஒட்டி, சாயம் ஏத்தினது. இருபத்திரண்டு வருஷமா கால்நடைக் காலேஜ்ல நான் பாக்கிற வேலையே இதுதான். நேத்து நீங்க கேட்டீங்கன்னு எடுத்துட்டு வந்தேன்.

— இருபத்திரண்டு வருஷம் கேக்கத் தோணலை, பாரு. சரி, என்னன்னு சொல்லு கண்ணாடிக்காரி.

— ரொம்பப் பேசாதீங்க. காது வரைக்கும் வலி இழுக்கும்.

— இழுக்கட்டும். பதினோரு மணிக்கு ஆபரேஷன்ல என் நாக்கை வெட்டி எடுத்துட்டா, அப்புறம் பேசவா போறேன்?

— மேல தடியா ஒரு வரி தெரியுதா? அது மேல் அடுக்கு. நகம் மாதிரி கெட்டி. எருமை முரட்டுப் புல்லை நாக்காலதானே சுத்தி இழுத்துப் பிடுங்குது, அதுக்காக. அதுல சின்னச் சின்ன முள்ளு இருக்கும். எல்லாம் தொண்டையைப் பாத்துச் சாஞ்சிருக்கும். உள்ள போன புல்லு வெளிய வழுக்காது.

— கீழ புள்ளி புள்ளியா இருக்கே?

— நரம்புக் கத்தை. கயித்தைக் குறுக்கால வெட்டினா எப்படி இருக்கும், அப்படி. தொட்டது, சுட்டது, குத்தினது எல்லாத்தையும் மூளைக்குக் கொண்டுபோறது அது. ருசி மொட்டு பின்னாடி இருக்கும், பள்ளம் பள்ளமா இருக்கிற இடத்துல. நம்மளை விட அதுக்கு ஜாஸ்தி.

— புல்லு திங்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு ருசி?

— புல்லோட புல்லா விஷச்செடி இருந்தா கண்டுபிடிக்கணுமே.

— கெட்டிக்காரி. நேத்து ஒரு கல் உப்பை நாக்குல வச்சுப் பாத்தேன். இடது பக்கம் இன்னும் நல்லாத் தெரியுது. அதையுமா எடுக்கறாங்க?

— கட்டியோட வேர் நாக்கோட நடுக்கோட்டைத் தாண்டிடுச்சாம்.

— தொடைச் சதையைக் கொண்டுவந்து தைக்கப் போறாங்களே, அதுல மொட்டு இருக்குமா? டாக்டர் மழுப்பறார். நீ சொல்லு.

— இருக்காது. சதை இருக்கும், அவ்வளவுதான். முழுங்கப் பழக்குவாங்க. சூடுகூடத் தெரியாது. நான்தான் ஆத்திப் பாத்துக் குடுக்கணும்.

— பேச்சு?

— பழகினவங்களுக்குப் புரியும்னார்.

— ஸ்டேஷன்ல என் அறிவிப்பைக் கேட்டு வண்டிக்கு நிக்கிறவங்க யாரு எனக்குப் பழக்கம்? இரு, நர்ஸம்மா வர்றாங்க.

— ஐயா, மோதிரம் இருந்தா கழட்டி அக்காகிட்ட குடுத்துடுங்க. தண்ணி எதுவும் குடிக்கலையே?

— இல்ல சிஸ்டர். உதட்டை மட்டும் நனைச்சுவிட்டேன்.

— சரிக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்ட்ரெச்சர் வந்துடும்.

— எத்தனாவது பிளாட்பாரத்துக்கு வருது நர்ஸம்மா?

— ஐயாவுக்கு இந்த நேரத்துலயும் குறும்பு! கதவைச் சாத்திட்டுப் போறேன்கா.

— இந்தாங்க போன். மகளுக்கு ரெண்டு வார்த்தை பேசிப் பதிஞ்சு வைங்க. அவ வந்து சேர நாளன்னிக்கு ஆயிடும்.

— நேத்தே பதிஞ்சு பாத்தேன். வாயைத் திறந்தா 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னுதான் வருது. முப்பது வருஷம் ஊரையே கூப்பிட்ட வாய் இது. பெத்த பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. அழிச்சுட்டேன்.

— அழிச்சுட்டீங்களா? அதையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா!

— அழாதே.

— நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அழறது?

— ஆரம்பிச்சுட்டியா.

— அன்னிக்கு சமையல்கட்டுல வந்து நின்னு நாக்கை நீட்டினீங்க. ஓரத்துல வெள்ளையா ஒரு தடிப்பு. நான் கையில கரண்டியோட எட்டிப் பாத்துட்டு, 'உடைஞ்ச பல்லு உரசி நாக்கு காய்ச்சுப் போச்சு, எருமை நாக்கு கணக்கா'ன்னு சிரிச்சேன். பல்லை ராவிக்கிட்டா சரியாப் போயிடும்னேன். நீங்களும் சிரிச்சீங்க. எட்டு மாசம்! எருமைக்கு இருக்க வேண்டிய கெட்டி மனுஷ நாக்குல எதுக்கு வந்துச்சுன்னு எனக்கு உறைச்சிருக்க வேண்டாமா? எத்தனை நாக்கைச் சீவியிருக்கேன்! புத்துநோய்னு தோணவே இல்லையே.

— விடு.

— எப்படி விடறது? அப்பவே வந்திருந்தா ஓரத்துல கொஞ்சம் வெட்டியிருப்போம், பேச்சு மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொன்னப்ப நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். உங்க நாக்கை எடுக்கறது அவர் இல்ல, நான்.

— கிட்ட வா. சத்தமா முடியலை.

— ரத்தம் கசியுது, பேசாதீங்க. துடைச்சுவிடறேன்.

— துடைக்கிறது இருக்கட்டும். வராந்தாவுல சக்கரம் உருள்ற சத்தம் கேக்குது. இதை இப்பச் சொல்லலைன்னா இனிமே எழுதித்தான் காட்டணும். எழுத எனக்குத் தைரியம் வராது.

— எதைங்க?

— உன்கிட்டக் காட்டினதுக்கு முந்தின வாரமே பல் டாக்டர் இந்த நோயோட பேரைச் சொல்லிட்டார். அது இல்லைன்னு நீ வேற ஏதாவது சொல்லணும்னுதான் உன்கிட்ட வந்து நாக்கை நீட்டினேன்.